பூங்கா வாசலில் எங்களுக்காகக் கதைத்தவர்

முதலில் வந்தது ஒரு வெள்ளை வான். ஒரு பின்னேரம் நானும் அக்காவும் பூங்காவைச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம். அது வாசலால் உள்ளே வந்து, பிள்ளைகளின் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் புல்லில் ஏறி நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கிக் கதவைப் பூட்டினார். எங்களைப் பார்க்கவே இல்லை. பெருந்தெருவான காலி வீதிப் பக்கம் நடந்து போய்விட்டார்.

"இதென்ன கூத்து, பார்க்குக்குள்ள கொண்டுவந்து விடுறான்" என்றார் அக்கா.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில், பூங்காவோடு ஒட்டியிருந்த பெரிய பழைய வீட்டுக்காரி. கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் அவுஸ்திரேலியாவில். நாங்கள் சண்டைக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து அதே ஒழுங்கையில் ஒரு மேல்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான், கணவர், பாலர் வகுப்புக்குப் போகிற மகள். எனக்கு அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக் வேலை. எங்கள் இருவருக்குமே சிங்களம் தெரியாது. அந்த நாட்களில் கொழும்பில் சிங்களம் தெரியாமல் இருப்பது வாயைக் கட்டிக்கொண்டு இருப்பது மாதிரி.

எங்கள் வாய் அக்காதான். வடக்கிலிருந்து வந்தவர்கள் என்று பொலிசில் பதியப் போனபோது கூட வந்தார். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, வீட்டுக்காரரோடு தண்ணீர்ப் பிரச்சினை கதைக்க, எல்லாவற்றுக்கும் அவர் முன்னால் போவார், நாங்கள் பின்னால் நிற்போம். சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் சிங்களம் கதைக்கத் தொடங்கினால், முறைத்துக்கொண்டிருக்கிற உத்தியோகத்தர்களும் கொஞ்ச நேரத்தில் சிரிப்பார்கள். அப்படி ஒருவர் கிடைத்ததை என் அதிர்ஷ்டம் என்று ஊருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

அந்த வான் வருவதற்கு முன்புதான் நான் பஸ்சால் விழுந்திருந்தேன். பம்பலப்பிட்டியில் இறங்க மிதிபலகையில் கால் வைக்க, சாரதி பஸ்ஸை எடுத்துவிட்டார். தொடை எலும்பு உடைந்து களுபோவில ஆஸ்பத்திரியில் கிடந்தேன். தாதிமார் கேட்பது எனக்கு விளங்காது. அக்கா தினமும் சூப் போத்தலோடு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். இவர் உங்களுக்கு யார் என்று கேட்டால், "மகே நங்கி" என்பார். என் தங்கச்சி. எனக்குத் தெரிந்த சில சிங்களச் சொற்களில் அதுவும் ஒன்று. கேட்கும்போது கண் கலங்கும்.

வீட்டுக்கு விடும்போது டொக்டர், தினமும் சமமான தரையில் நடக்கவேண்டும், இல்லாவிட்டால் கால் இறுகிவிடும் என்றார். காலி வீதி நடைபாதையில் ஊன்றுபொல்லோடு நடக்க முடியாது. கடைச் சாமான், சனம், செக்பொயின்றில் நீண்டுகிடக்கிற வரிசை. கடற்கரைக்குப் போவதென்றால் தண்டவாளத்துக் கற்களைக் கடக்கவேண்டும், அங்கேயும் துவக்கோடு ஒரு காவல். மிஞ்சியது அந்தப் பூங்காதான். பெரிய இடமில்லை. நாலைந்து வேப்பமரம், இரண்டு ஊஞ்சல், இருக்கச் சீமெந்து வாங்குகள், சுற்றிவர ஒரு நடைபாதை. அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பின்னேரமும் என்னை நடத்தினார்.

அந்த வெள்ளை வானுக்குப் பிறகு கார்கள் தொடர்ந்து வந்தன. குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் காலி வீதியில் வாகனத்தை விட்டுவிட்டுப் போக விடமாட்டார்கள். புடைவைக் கடைக்கும் நகைக் கடைக்கும் வருகிறவர்கள் ஒழுங்கைகளுக்குள் நுழைந்தார்கள். ஒழுங்கைகள் நிரம்பியதும் பூங்காவுக்குள் வந்தார்கள். நடைபாதையை மறித்து நிற்பார்கள். ஒருநாள் பின்னுக்கு எடுத்த கார் ஒன்று என் மகளை இடிக்கப் பார்த்தது. நான் பொல்லைப் போட்டுவிட்டு ஓட முயன்று, முடியாமல் புல்லில் விழுந்தேன். அக்காதான் பாய்ந்து பிள்ளையை இழுத்தார். சாரதியை அவர் ஏசின ஏச்சில் ஒழுங்கையே வெளியில் வந்து பார்த்தது.

அன்றைக்கே பூங்காவின் மற்றப் பக்கத்தில் இருந்த முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், எங்களிடம் வந்தார். பரம்பரையாக அந்த இடத்துக்காரர், இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். அவருடைய பிள்ளைகள் ஐந்து பேரும் அந்தப் பூங்காவில்தான் கிரிக்கெட் விளையாடுவார்கள்.

"தங்கச்சி, இப்பிடியே உட்டா நாளைக்கு புள்ளையல் எங்க வெளையாடுற? கந்தோர்ல போய் சொல்லோணும்" என்றார்.

ஒழுங்கையில் எல்லோரும் கையெழுத்து வைத்தோம். பூங்காவுக்குப் பொறுப்பான கந்தோருக்கு வேலை நாளில்தான் போகவேண்டும், நானாவால் கடையை விட்டு வர முடியாது. அக்கா இருக்கிறாரே என்று எல்லோரும் சொன்னார்கள். நான் லீவு போட்டுவிட்டு அவரோடு போனேன். அங்கே இருந்த உத்தியோகத்தரோடு அக்கா நெடுநேரம் கதைத்தார். அவர் தலையாட்டினார், என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வெளியே வந்ததும் கேட்டேன், "என்னவாம் அக்கா?"

"பாப்பமாம். நல்ல மனுசன். கொஞ்சம் பொறுக்கட்டாம்."

பொறுத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பவும் போனோம். அதே கதை, அதே சிரிப்பு, அதே பதில். கார்கள் கூடிக்கொண்டு போயின.

கடைசியில் நானாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை லொறியில், தார் அடைத்துவந்த நாலு வெறும் தகரப் பரல்களைக் கொண்டுவந்து இறக்கினார். வாசலில் வரிசையாக வைத்து மண் நிரப்பினோம். ஆள் நடக்கலாம், கார் போக முடியாது. பிள்ளைகள் பரல்களில் பூவும் மீனும் கீறினார்கள். அக்கா தன் வளவிலிருந்து குரோட்டன் தடிகள் வெட்டி வந்து ஒவ்வொன்றிலும் தானே நட்டார். மண் கையோடு நின்று, "இப்ப வரட்டும் பாப்பம்" என்றார்.

அதன் பிறகு பூங்கா மீண்டும் பூங்காவானது. பின்னேரங்களில் பெண்கள் பாயோடு வந்தார்கள், யாரோ சுண்டல் அவித்து வருவார்கள். நான் ஒருநாள் பொல்லை வாங்கில் சாத்திவிட்டு வாசல் வரைக்கும் தனியாக நடந்தேன். அக்கா கைதட்டினார். அவருடைய கண்ணில் தண்ணீர் நின்றதை நான் பார்த்தேன். அது பொய்க் கண்ணீர் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. அதுதான் கஷ்டம்.

ஒரு சனிக்கிழமை காலை அந்த உத்தியோகத்தர் இரண்டு பொலிஸ்காரர்களோடு வந்தார். ரோட்டில் பரல் வைப்பது ஆமியும் பொலிசும் செய்கிற வேலை, யார் இதை வைத்தது என்று பொலிஸ்காரர் அதட்டினார். நானா கடையில். என் கணவர், நான், ஒழுங்கையில் இன்னும் சிலர் வாசலில் கூடி நின்றோம்.

"ஒருத்தரும் வாய் திறக்காதேங்கோ, நான் கதைக்கிறன்" என்று சொல்லிவிட்டு அக்கா முன்னால் போனார்.

அவருக்குத் தெரியாத ஒரு விசயம் இருந்தது. எங்கள் கந்தோரில் சிங்களப் பரீட்சை பாஸ் பண்ணாமல் சம்பள உயர்வு கிடையாது. அதனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடந்த வகுப்புக்கு நான் சில மாதங்களாகப் போய்க்கொண்டிருந்தேன். மறைக்கவேண்டும் என்று இல்லை. அவருக்கு முன்னால் என் அரைகுறைச் சிங்களத்தைக் காட்ட வெட்கம், அவ்வளவுதான். கதைக்க வராது. ஆனால் கடைசியாக அந்த உத்தியோகத்தரிடம் போய்வந்த பிறகு காது திறந்துவிட்டது.

அக்கா சொன்னார்: "மே கொல்லோ யாப்பனே அய. தாவகாலிகய்."

இவர்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். தற்காலிகம்.

நான் பிழையாகக் கேட்டுவிட்டேனோ என்று நினைத்தேன். அவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்காக ஆஸ்பத்திரியில் கதைத்த அதே குரல், அதே கனிவு. பரலை வைக்கவேண்டாம் என்று தான் சொன்னதாகவும், இவர்கள் கேட்கவில்லை என்றும் சொன்னார். தன் வீட்டின் கீழ்ப்பகுதியைக் கலியாண ஹோல் நடத்தப் போகிற ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாகவும், ஹோலுக்கு வருகிறவர்களின் வாகனத்துக்கு இந்த இடத்தைத் தருவதாக ஐயா முதலிலேயே ஒத்துக்கொண்டதுதானே என்றும் உத்தியோகத்தரிடம் சொன்னார். அவர் தலையாட்டினார். பிறகு அக்கா பொலிஸ்காரர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஹவசட்ட மெத்தன எகத்து வெனவா. கவுத கியலா மம தன்னே நே."

பின்னேரங்களில் இங்கே கூடுகிறார்கள். யாரென்று எனக்குத் தெரியாது.

அந்தக் காலத்தில் கொழும்பில் இருந்த எந்தத் தமிழ் ஆளுக்கும் அந்த வசனத்தின் பாரம் தெரியும். சந்தேகத்தில் ஆளைப் பிடித்துக்கொண்டு போக அது போதும். பொலிஸ்காரர் என் கணவரைப் பார்த்து அடையாள அட்டை கேட்டார். கணவர் பொலிஸ் பதிவுத் துண்டையும் சேர்த்துக் கொடுத்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா எங்களுக்காக வாதாடுகிறார் என்று நினைத்து, நன்றியோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா திரும்பி வந்து தமிழில் சொன்னார், "நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தன். கேக்கிறாங்கள் இல்லை. பரலை எடுக்கத்தான் வேணுமாம்."

நான் அவருடைய முகத்தையே பார்த்தேன்.

மறுநாள் விடிய ஒழுங்கையில் வீடு வீடாகச் சோதனை வந்தது. விசாரிக்க வேண்டும் என்று என் கணவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். முன்பென்றால் நான் நேராக அக்கா வீட்டுக்கு ஓடியிருப்பேன். அன்று பூங்காவைக் குறுக்கே கடந்து நானா வீட்டுக் கதவைத் தட்டினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"அவங்க அப்பிடிச் சொல்ல மாட்டாங்க தங்கச்சி. ஒங்களுக்கு வெளங்கினது பிழையா ஈக்கும்."

ஆனாலும் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு பொலிசுக்கு வந்தார். பகல் முழுக்க அங்கேயே நின்றார். இவர்களை எனக்குத் தெரியும், நல்ல மனிதர்கள் என்று அவர் பொலிஸ் பெரியவருக்குச் சொன்னதை நான் என் காதால் கேட்டேன், சிங்களத்தில். பொழுதுபட கணவரை விட்டார்கள். உள்ளே யாரோ நானாவிடம் அக்கா கதைத்ததைச் சொல்லியிருக்க வேண்டும். திரும்பி வரும்போது ஒழுங்கை வாசலில் நின்று, "நீங்க சொன்னது சரிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் நான் அக்கா வீட்டுக்குப் போனேன். முன் விறாந்தையை உடைத்துப் புது மாபிள் பதித்துக்கொண்டிருந்தார்கள். சொந்தக்காரர் குடிவரப் போகிறார்கள், அதுக்குத் திருத்துகிறோம் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தவர் அவர்.

"வாரும், இரும். அவரை விட்டிட்டாங்களாம் எண்டு கேள்விப்பட்டன். பெரிய நிம்மதி" என்றார்.

"அக்கா, எனக்கு இப்ப சிங்களம் விளங்கும்."

அவர் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார்.

"எவ்வளவு விளங்கினது?"

மறுப்பார், அழுவார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"எல்லாம்" என்றேன்.

"நீங்கள் போற ஆக்கள்" என்றார் அக்கா. "இண்டைக்கு இல்லாட்டி நாளைக்குக் கனடாவோ லண்டனோ. நான் எங்க போறது? இந்த வீட்டில தனிய கிடந்து சாகோணும். வாகனம் விட இடமில்லாட்டி ஹோல் வேண்டாம் எண்டிட்டான்."

"அதை எங்களிட்டச் சொல்லியிருக்கலாம். சண்டை பிடிச்சிருப்பம், பிறகு சமாதானமாகியிருப்பம். ஆர் எண்டு தெரியாது எண்டு பொலிசுக்குச் சொன்னீங்களே, அது ஏன்?"

"அவங்கள் நாளைக்கு என்னைப் பிடிச்சு விசாரிச்சால்? உங்கட ஆக்களுக்கு நான் பொறுப்பு நிக்கேலுமே?"

உங்கட ஆக்கள். யாழ்ப்பாணத்தில் அவருடைய அப்பாவின் ஊரும் எங்களுடைய ஊரும் அடுத்தடுத்த ஊர்.

"தேத்தண்ணி குடியும்" என்றார். நான் எழும்பி வந்துவிட்டேன்.

அதன் பிறகு பல நாள், அவர் எங்களுக்காகக் கதைத்த ஒவ்வொரு இடத்தையும் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் அதிபரிடம் என்ன சொன்னார்? பொலிஸ் பதிவில்? அந்தக் கந்தோரில் அவர்கள் இரண்டுதரமும் என்னைப் பார்த்துச் சிரித்தது எதற்காக? நானும் கூடச் சிரித்தேனே. கார் வந்ததைவிட, கணவரைக் கொண்டுபோனதைவிட, அந்தச் சிரிப்புத்தான் என்னைத் தின்றது.

பரல்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். குரோட்டனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, காலி வீதிப் பாலத்தடியில் இருந்த செக்பொயின்றில் அவற்றை வைத்திருந்தார்கள். பஸ்சால் இறங்கி வரிசையில் நடக்கும்போது என் மகள், "அம்மா, என்ர மீன்" என்று கத்தினாள். நான் அவளுடைய வாயைப் பொத்தினேன்.

பின்னேரம் பூங்காவுக்கு ஒருவரும் வருவதில்லை. இரண்டு பேர் சேர்ந்து நிற்கவே பயம். ஹோல் திறந்தது. கலியாண நாட்களில் வாங்குகளுக்கு இடையில்கூடக் கார்கள் நின்றன. ஊஞ்சல்களைக் கழற்றி ஒரு மூலையில் போட்டார்கள், புல் செத்துச் செம்மண் தெரிந்தது. நானா பிறகும் தனியாகக் கந்தோருக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய பிள்ளைகள் எங்கள் ஒழுங்கையில் பந்தடித்தார்கள். நான் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் கொடிக்கயிற்றுக்கும் இடையில் நடந்தேன். கால் முழுவதும் நேராகவில்லை, மழைக்காலத்தில் இன்றைக்கும் இழுக்கும்.

ஒரு வருசம் கழித்துத் தெகிவளைப் பக்கம் வீடு மாறினோம். சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது அக்கா படியேறி வந்தார். மெலிந்திருந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "என்னில கோவம் இல்லைத்தானே?" என்று கேட்டு அழுதார்.

கையை இழுக்க எனக்கு மனம் வரவில்லை. லொறிக்காரர் கீழே இருந்து ஹோர்ன் அடித்தார். நான் மகளைக் கூப்பிட்டேன். அக்கா வழிவிட்டு நின்றார், நாங்கள் இறங்கிப் போனோம்.