கோபன்ஹேகனில் ஆறு மணித்தியாலம்

டீசல் மணமும் வாஃபிள் சுடுகிற மணமும் ஒன்றாக மூக்கில் ஏறினால் போதும், எனக்குப் பதின்மூன்று வயதாகிவிடும். ஒஸ்லோவிலிருந்து கோபன்ஹேகன் போகும் கப்பலின் மணம் அது. ஜன்னல் இல்லாத கபின். மேல் கட்டிலில் நான், கீழே தம்பி... கட்டில் கிர்ரென்று அதிர்ந்துகொண்டே இருக்கும்.

நேற்று ஆபீஸில் கோயம்புத்தூர்த் தோழி கேட்டாள். "க்ரூஸ்ல போனா யூரோப்ல எந்தப் பழைய சிட்டி எல்லாம் பாக்கணும்? நீதான் ஒரு இடத்துல உக்காராம சுத்திட்டே இருக்கியே, ஒரு லிஸ்ட் போட்டுக் குடு!"

போட உட்கார்ந்தேன். முதல் பெயரிலேயே கை நின்றுவிட்டது. அதனால் இது லிஸ்ட் இல்லை, தோழி. மன்னித்துக்கொள்.

அப்போது நாங்கள் ஒஸ்லோவின் ஓரத்தில், ஹவுகன்ஸ்டுவாவில் நாலாம் மாடியில் இருந்தோம். அப்பா பஸ் ஓட்டினார். அம்மாவுக்கு முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலை. லீவு முடிந்தால் வகுப்பில் எல்லாரும் ஸ்பெயின், கிரீஸ் என்று அளப்பார்கள். நான் பக்கத்துக் கடைத்தொகுதி ட்வெய்ட்டா சென்டருக்குப் போன கதையைச் சொல்லுவேன்!

ஒரு ஒக்டோபர், ஹோஸ்ட்ஃபெரியே விடுமுறை வாரத்தில், அப்பா கப்பல் டிக்கெட்டோடு வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கப்பல் காலையில் போய்ச் சேரும், பின்னேரம் திரும்பும். நடுவில் ஆறு மணித்தியாலம். லைப்ரரிப் புத்தகத்தைப் பார்த்து, போக வேண்டிய இடங்களைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். முதலில் வட்டக் கோபுரம். பல நூறு வருடப் பழசு. உள்ளே சுற்றிச் சுற்றி ஏறும் சாய்வுப் பாதைதான்... ரஷ்ய ராஜா ஒருவர் குதிரையிலேயே மேலே போனாராம். அதில் நான் ஓடி ஏற வேண்டும். வேறு எதுவும் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

இறங்கினால், துறைமுகத்தில் ராசன் மாமா நிற்கிறார்.

எங்கள் ஆட்கள் ஐரோப்பா பார்ப்பது இப்படித்தான். லண்டன் என்றால் சித்தி வீடு, பாரிஸ் என்றால் பெரியப்பா வீடு. எந்தச் சரித்திர நகரமாக இருந்தாலும் அதைச் சோபாவில் இருந்துதான் பார்ப்பார்கள்.

ராசன் மாமா அப்பாவோடு ஒன்றாக ஊரை விட்டு வெளிக்கிட்டவர். வழியில் மாதக்கணக்காக ஒரே அறையில் கிடந்தவர்கள். பிறகு அவர் டென்மார்க்கில் ஒதுங்கினார், அப்பா நோர்வேக்கு வந்தார். பதினைந்து வருடமாக டெலிபோனில்தான் கதை. மாமா அன்றைக்கு மூன்று மணித்தியாலம் கார் ஓட்டி வந்திருந்தார். கூடவே மாமி. அவர் விடிய எழும்பி அவித்த இடியப்பம், சொதி, கோழிக்கறி எல்லாம் டிக்கியில். நகரத்திலேயே தெரிந்த ஒருவரின் பிளட் வீட்டைத் திறக்கத் திறப்பும் வாங்கி வைத்திருந்தார்கள்.

இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அப்பா அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்தும் என்ன... நான் மணிக்கூட்டைத்தான் பார்த்தேன். பத்தரை.

பிளட்டில் பதினொன்று. பன்னிரண்டு.

"இன்னும் ரெண்டு இடியப்பம் வைக்கட்டே, பிள்ளை?" என்றார் மாமி.

நான் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன். சோபாவில் அப்பாவும் மாமாவும் ஒரு சோடி சப்பாத்தை இரண்டு பேரும் மாறி மாறிக் காலில் போட்ட கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அப்பாவுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

ஒரு மணிக்கு எனக்குப் பொங்கிவிட்டது. தம்பியிடம் நோர்வேஜிய மொழியில், நல்ல சத்தமாகவே சொன்னேன். இந்தச் சனத்தின் சோபாவைப் பார்க்கவா கடல் தாண்டி வந்தோம்? யார் இவர்கள்? எப்போது வாயை மூடுவார்கள்?

வீட்டில் இது எங்களுக்குப் பழக்கம். ஊரிலிருந்து வருகிற ஆட்களை முன்னால் வைத்துக்கொண்டே அந்த மொழியில் நக்கலடிப்போம். அவர்களுக்கு விளங்காது.

ஆனால் டேனிஷ் மொழி அதற்கு ஒட்டின சொந்தம் அல்லவா? மாமா பதினைந்து வருடம் டேனிஷ்காரரோடு ஃபாக்டரியில் வேலை செய்தவர். என் மரமண்டைக்கு அது எட்டவேயில்லை.

மாமியின் கை கறிச் சட்டியில் அப்படியே நின்றது. அப்பாவின் முகம் கறுத்துப்போனது. அம்மா பல்லைக் கடித்தாள். "என்னடி கதை கதைக்கிறாய்!"

மாமாதான் சிரித்தார். "விடுங்கோ தங்கச்சி. பிள்ளை சரியாத்தானே சொல்லுது. எங்கட மூஞ்சையைப் பாக்கவே கப்பலேறி வந்தது? எழும்படா மச்சான், ஊரைக் காட்டுவம்."

அம்மா மாமியோடு பிளட்டிலேயே நின்றாள். கோபுரத்தடியில் பார்க்கிங் கிடைக்கவில்லை. மாமா காரிலேயே இருந்தார். எங்களைத் தனியே விட முடியாது என்று அப்பா கூட வந்தார். நான் ஓடினேன்... உச்சி வரைக்கும் ஓடினேன். காற்று, சிவப்புக் கூரைகள், தூரத்தில் கடல். எல்லாம் புத்தகத்தில் இருந்தபடியே இருந்தன. அப்பா கூரைகளைப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே தெருவில் மாமாவின் கார் எங்கே நிற்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

இறங்கி, அம்மாவையும் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கப்பலுக்கு ஆட்களை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள்.

"அடுத்த வருசம் அவசரமில்லாம, ஆறுதலா வாறம், மச்சான்."

"ஓமடா, கட்டாயம் வா."

கப்பலில் அப்பா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த வருடம் வருவதற்குள் ராசன் மாமா மாரடைப்பில் போய்விட்டார். அப்பா தனியாக விமானத்தில் போய் வந்தார்.

இப்போது தாலின், ரீகா, விஸ்பி, வலெட்டா, டுப்ரோவ்னிக்... கப்பல் நின்றால் முதல் ஆளாக இறங்குவேன். கோட்டை, தேவாலயம், கடைத்தெரு, ஒன்றும் விடமாட்டேன். எல்லாமே பார்க்க வேண்டியவைதான், தோழி, பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு இடத்திலும் கால் தரிக்காது. துறைமுகக் கம்பிவேலிக்கு வெளியே நிற்கிற சனத்தில் யாராவது கை காட்டுகிறார்களா என்று பார்ப்பேன். எனக்கு அங்கே ஒருவரும் இல்லை என்று தெரிந்தும் பார்ப்பேன்.

போன கிழமை மோர்டென்ஸ்ருட்டில் அப்பாவைப் பார்க்கப் போனேன். தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, கோபன்ஹேகன் கப்பலுக்கு ரெண்டு டிக்கெட் எடுக்கட்டே? நீங்களும் நானும் மட்டும். ஆறுதலாப் பாத்திட்டு வருவம்."

ஒரு சுளையை என் கையில் வைத்தார்.

"அங்கை இப்ப ஆர் பிள்ளை இருக்கினம்?" என்றார்.