எதிர் பெஞ்சு

சினேகாவுக்குக் கதை சொல்ல வராது. பல்லாவரத்தில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறவள். நடந்ததை நடந்தபடி சொல்லுவாள், அதையும் பாதியில் நிறுத்திவிடுவாள். இந்தச் சம்பவத்தை என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். மூன்று தடவையும் ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. அதனால்தான் நம்புகிறேன். நீங்கள் வேண்டுமானால் விளக்கைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

பொழிச்சலூரிலிருந்து பம்மல் போகிற வழியில், உள்ளே தள்ளி, சின்னதாக ஒரு மாதா கோயில் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் அதற்குப் பெயர் பர்மாக்காரர் கோயில். அறுபதுகளில் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள் கட்டியது. வீடு, கடை, நகை எல்லாம் அங்கேயே போயிற்று. மனப்பாடமாக இருந்த லத்தீன் பாட்டை மட்டும் யாராலும் பிடுங்க முடியவில்லை.

அந்தப் பாட்டுக்கு வாத்தியம் கிடையாது. பீடத்துக்கு முன்னால் எதிரெதிராக இரண்டு நீள பெஞ்சு. வலப்பக்கம் ஓர் அடி பாடும். மூச்சு விடும். இடப்பக்கம் அடுத்த அடியைப் பாடும். இன்றைக்கும் இருபது பேருக்கு மேல் பாடுகிறார்கள். ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள்கூட சனிக்கிழமையானால் பயிற்சிக்கு வந்துவிடுவார்கள்.

சினேகா வலப்பக்கம். ஆல்வின் இடப்பக்கம், அவளுக்கு நேர் எதிரே. இரண்டு வருஷம் அப்படி முகம் பார்த்துப் பாடித்தான் கல்யாணமே நடந்தது. ஆல்வினுக்கு ஒரு பழக்கம். ஒவ்வோர் அடிக்கு முன்னாலும் லேசாகத் தொண்டையைச் செருமுவான். செருமி முடிப்பதற்குள் மற்றவர்கள் ஆரம்பித்துவிடுவார்கள். அவன் குரல் அரை நொடி பிந்தி வந்து சேரும். பாட்டுக் குழுவை நடத்துகிற யேசுதாசன் சார் திட்டிப் பார்த்து ஓய்ந்துபோனார்.

அக்டோபரில் ஒரு காலை, மேடவாக்கம் கூட்டு ரோட்டில், தண்ணீர் லாரி அடித்து ஆல்வின் போய்விட்டான்.

சினேகா அழவில்லை. அடக்கத்தன்று அழவில்லை, அதற்கப்புறமும் அழவில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். ஒரு வாரத்தில் வேலைக்குப் போனாள். மரத்துப்போன காலைத் தட்டிப் பார்ப்போமே, அப்படி அவன் சட்டையை எடுத்துப் பார்த்தாள், அவன் படத்தைப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. கோயில் பக்கமே போகவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. குழுவில் பாடியவர் இறந்தால், முப்பதாம் நாள் பாட்டின் கடைசி அடியை அவர் வீட்டு ஆள் எழுந்துபோய் அவர் இடத்தில் உட்கார்ந்து பாட வேண்டும். அதோடு அவருக்கு விடை கொடுத்தாயிற்று என்று அர்த்தம்.

"என்னால முடியாது சார்" என்று முந்தின வாரமே போனில் சொல்லியிருந்தாள்.

"நீ பாடலைன்னா யார்மா பாடுவா? சும்மா வா. அங்க வந்து பாத்துக்கலாம்" என்றார் யேசுதாசன்.

அன்றைக்கு நல்ல மழை. நவம்பர் மழை. ஆறு மணிப் பூசைக்கு ஐந்தரைக்கே போய்விட்டாள். ஆட்டோக்காரர் முனையிலேயே இறக்கிவிட்டுப் போனார். முழங்கால் தண்ணீரில் நடந்தாள். கேட் திறந்திருந்தது. கதவும் திறந்திருந்தது. உள்ளே கரண்ட் இல்லை. பீடத்தில், அப்பம் வைத்திருக்கிற நற்கருணைப் பேழையின் பக்கத்தில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

ஒருவரையும் காணோம்.

மழையால் பூசையை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்துவிட்டதைச் சொல்ல யேசுதாசன் சார் நாலு தடவை கூப்பிட்டிருக்கிறார். அவள் போன் சத்தமில்லாமல் கைப்பைக்குள் கிடந்தது.

தடவித் தடவிப் போய்த் தன் பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிர்ப்பக்கம் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றே வந்திருந்தாள். குனிந்து, ஈரப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூரையில் மழை சடசடவென்று விழுந்தது.

எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது. வாய் தானாகப் பாட ஆரம்பித்தது. பாட வேண்டும் என்று நினைக்கவேயில்லை என்கிறாள். முதல் அடியைப் பாடினாள். நிறுத்தினாள். மூச்சு விட்டாள்.

எதிர்ப்பக்கம் அடுத்த அடியைப் பாடியது.

எல்லாரும் வந்துவிட்டார்கள் போல, இருட்டில் கவனிக்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தாள். தன் பக்கத்து இரண்டாவது அடியைப் பாடினாள். பதில் வந்தது. பத்துப் பதினைந்து குரல். தெரிந்த மெட்டு, தெரிந்த சொல். ஆனால் உச்சரிப்பு சரியில்லை... யேசுதாசன் சார் சொல்லிக்கொடுத்தது இப்படி இல்லை. இது இன்னும் பழசு. கல்யாணமான புதிதில், ரங்கூனிலிருந்து வந்த ஆல்வினின் தாத்தா படுக்கையில் கிடந்தபடி முணுமுணுத்த உச்சரிப்பு.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. கதவு அவளுக்குப் பின்னால் இருந்தது. உள்ளே யாரும் வந்த சத்தமே கேட்கவில்லை. வெளியே முழங்கால் தண்ணீர். நடந்தால் தளக் தளக் என்று கேட்டிருக்க வேண்டும்.

அவள் பக்கத்து மூன்றாவது அடி.

மழைக்கு நடுவே... தெளிவாக... ஒரு செருமல்.

எதிர்ப்பக்கம் ஆரம்பித்தது. அரை நொடி பிந்தி ஒரு குரல் வந்து சேர்ந்தது.

சினேகா தலை நிமிரவில்லை. பயமாக இல்லையா என்று கேட்டேன். "இல்ல. ஒன்னும் இல்ல. நான் நிறுத்தினா அவரும் நிறுத்திடுவார்னு மட்டும் தோணுச்சு" என்றாள்.

நிறுத்தவில்லை. பாடிக்கொண்டே போனாள்.

ஒவ்வொரு அடிக்கும் செருமல்.

ஒவ்வொரு அடிக்கும் அவன் குரல்.

கடைசி அடி வந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. அவர்களும் பாடவில்லை. மழை மட்டும்.

கிறீச்...

மர பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்கள் நகர்கிற சத்தம். ஒருவர் நகர, அடுத்தவர் நகர, வரிசையாக...

இடம் விடுகிறார்கள்.

எழுந்தாள். குனிந்த தலை குனிந்தபடி நடந்தாள். நாலே எட்டு. உட்கார்ந்தாள். தொடைக்குக் கீழே வழவழப்பான பலகை. இடது தோளில் இன்னொரு தோள் பட்டது.

சூடாக இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு கடைசி அடியைப் பாடினாள். பக்கத்துக் குரலும் கூடப் பாடியது. இந்தத் தடவை செருமவில்லை. பிந்தவுமில்லை.

பாட்டு முடிந்தது.

தோளில் இருந்த சூடு... மெல்ல... போய்விட்டது.

"யாரும்மா அது, உள்ள?"

கோயில்பிள்ளை தாவீது, கதவருகே. கையில் டார்ச். கோயிலைத் திறந்து, மூடி, மணியடித்துப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான்.

"நான்தாண்ணா. சினேகா."

"இன்னாம்மா நீ, தனியா வந்து கீற? பூசை கேன்சலுன்னு சார் சொல்லலியா? தண்ணி ஏறிக்கினே கீது. வா, வா."

வெளிச்சம் முகத்தில் அடித்தது. கண் கூசியது. திரும்பிப் பார்க்காமல் அவரோடு போய்விட்டாள். பின்கட்டில் மோட்டார் ரூமுக்குள் தண்ணீர் புகுந்ததில் அவ்வளவு நேரம் அங்கேயே இருந்ததாகச் சொன்னார். பாட்டுச் சத்தம் கேட்டதா என்று அவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். மாமியாரும் நாத்தனாரும் கூட வந்தார்கள். பாட்டுக் குழு முழுக்க வந்திருந்தது. சினேகா முதல் தடவையாக இடப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

பிளாஸ்டிக் நாற்காலிகள். சிவப்பு, நீலம், கலந்து போட்டிருந்தார்கள்.

"அண்ணா, இங்க இருந்த பெஞ்சு எங்க?"

"அத்த ஏன் கேக்குற. ஒரே கரையான். கால் எல்லாம் மாவா பூடுச்சு. உன் வூட்டுக்காரர் அடக்கம் முடிஞ்ச மறுநாளே பம்மல் ஆசாரி கடைக்குப் போச்சு. இன்னும் வரலை."

சினேகா அந்த இடத்தையே பார்த்தாள்.

"அன்னிக்கு மழைல... இங்க என்ன இருந்துச்சு?"

"ஒன்னும் இல்லியே. வெறும் தரை. நாற்காலி பாட்டு அன்னிக்கு மட்டுந்தான் போடுவோம், அப்பால எடுத்துடுவோம்." தாவீது சற்று யோசித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நானே கேக்கணும்னு இருந்தேன். நான் டார்ச் அடிக்கிறேன், நீ உக்காந்துகினு கீற. கீழ எதுவும் இல்ல. சரி, வயசாச்சு, நம்ம கண்ணுதான் பேஜார் பண்ணுதுன்னு வுட்டுட்டேன்."

அவள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

பூசை முடிந்து முப்பதாம் நாள் பாட்டு தொடங்கியது. அடி மாறி அடி போயிற்று. கடைசி அடிக்கு முன்னால் யேசுதாசன் சார் அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். எதிரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

சினேகா எழுந்திருக்கவில்லை.

"வேணாம் சார். நான் பாடிட்டேன்."

"எப்ப பாடின? யார்கூட?"

அவள் எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தாள். அவரும் அதைப் பார்த்துவிட்டு, குழுவைப் பாடச் சொன்னார். இரண்டு பக்கமும் சேர்ந்து பாடின. சினேகா காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். ஒரே நேரத்தில் முடித்தார்கள். பிந்தி வந்து சேர ஒரு குரலும் இல்லை.

அப்போதுதான் அழுதாள்.