மாட்டுக்கொட்டாய்க் கதவும் ரெண்டு நிற மேஜையும்

மரவேலையில் மரம் ஒருநாளும் நம்மை அவமானப்படுத்தாது. அதற்கென்றே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். சகலை வாய்த்தவர்களுக்கு இது புரியும்.

பாயசத்துக்கு முன்னால்

குருவிநத்தத்தில் மாமனார் வீட்டு விசேஷம். பந்தியில் என் பக்கத்து இலை தனபாலுக்கு. என் மனைவியின் தங்கை புருஷன், வில்லியனூரில் பர்னிச்சர் கடை வைத்திருக்கிறான். யாரோ என்னிடம் கட்டில் செய்து தரச் சொல்லிக் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் பதில் சொல்லிவிட்டான். பந்தியே சிரித்தது. பாயசம் வருமுன் இலையை மூடிவிட்டு எழுந்தேன். வருஷங்கள் ஓடியும் அவன் சொன்னது ஒரு எழுத்துகூட மறக்கவில்லை: "அண்ணன் கைக்கு மாட்டுக்கொட்டா கதவுதான் வரும். பர்னிச்சர்னா நம்ம கடைக்கு வந்துடுங்க."

சாயம் தீர்ந்ததா?

திருக்கனூரில் துணிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் சாப்பாட்டு மேஜை கேட்டு வந்தார். காலும் சட்டமும் காபி டிகாஷன் நிறம், மேல்பலகை தேக்கின் சொந்த நிறம். சரியாக வராவிட்டால் வில்லியனூர் கடையில் வாங்கிக்கொள்வதாகவும் மறைக்காமல் சொன்னார். எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்து வில்லியனூரில் ஒரே கடைதான், தனபாலுடையது. மேஜை கெட்டால் அந்தப் பந்திச் சொல் உண்மையாகிவிடும். பாய் கொடுத்த படத்தைப் பார்த்து என் மனைவி கேட்டாள்: "இன்னாயா, பாதியிலயே சாயம் தீந்துபோச்சா?"

கொடியில் தொங்கிய கால்கள்

எங்கள் பக்கத்தில் காலும் சட்டமும் பலகையும் சேர்த்து மேஜையைப் பூட்டிவிட்டுத்தான் ஸ்டெயின் சாயம் அடிப்பார்கள். ரெண்டு நிறத்துக்கு அது ஆகாது. கருத்த நிறம் மேல்பலகையில் ஏறிவிடும். நான் துண்டு துண்டாகவே அடித்தேன். துளைக்குள் போகும் முனைகளுக்கு மட்டும் டேப் சுற்றினேன், சாயம் குடித்த மரத்தில் பசை சரியாகப் பிடிக்காது. பழைய வேட்டியால் துடைத்து, கால்களைத் துணிக்கொடியில் கட்டித் தொங்கவிட்டேன். கரும்பு வெட்டப் போன பக்கத்து நிலத்துக்காரர் சைக்கிளை நிறுத்தினார்: "இன்னா மேஸ்திரி, டேபிளத் தொவச்சிக் காயப் போட்டுக்கிறியா?"

நான்கு மூலை

அக்கா தங்கை போனில் எந்தச் சேதிதான் நிற்கும்? பூட்டுகிற அன்று தனபால் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். பசை பிதுங்கும், துடைத்தால் நிறமும் சேர்ந்து போகும் என்று எனக்கே பாடம் எடுத்தான். நான் பசையைத் துளைக்குள் மட்டும் மெல்லிசாகத் தடவி, துணி வைத்து மரக் கொட்டாப்புளியால் தட்டினேன். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. மேல்பலகையை அடியிலிருந்து முடுக்கினேன். ரெண்டு நிறமும் நூல் பிடித்த மாதிரி பிரிந்து நின்றன. அவன் எழுந்து வந்து நான்கு மூலையையும் அழுத்தினான். மேஜை அசையவில்லை. கடைசியில் குனிந்து தரையைப் பார்த்துச் சொன்னான்: "தரை லெவலா கீது."

டெம்போ வந்தது

பாய் மேஜையைத் தடவினார், குனிந்து அடியிலும் பார்த்தார், சிரித்தார். நின்றிருந்த தனபாலை என் வேலையாள் என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. பாய் அவனிடம் சொன்னார்: "நீ அந்தப் பக்கம் புடிப்பா, மேஸ்திரி களைச்சிருக்காரு."

பாயசம்

டெம்போ போனதும் மனைவி பாயசம் கொடுத்தாள். தனபால் டம்ளரை உருட்டிக்கொண்டே, தன் கடைக்கும் இதே மாதிரி ஒன்று செய்து தரமுடியுமா என்று கேட்டான். நான் கடைசி முந்திரி வரை குடித்துவிட்டுச் சொன்னேன்: "கொட்டா கதவு வேலை நெறைய கெடக்குது தனபாலு. முடிச்சிட்டுப் பாக்கறேன்."

மரத்தில் உள்ள பிசிறை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம், சொந்தக்காரன் சொன்ன சொல்லை மட்டும் தேய்க்காமல் பத்திரமாக வைத்திருந்தால் என்றைக்காவது உதவும்.