இதயத்துக்குள் அக்கா

கல்யாண வீடியோ எடுப்பவனுக்கு மாப்பிள்ளை யார், பெண் யார் என்று தெரிந்தால் போதும் என்பவர்கள், கொங்கு நாட்டுக் கல்யாணம் ஒன்றைக்கூட எடுத்திருக்க மாட்டார்கள். நான் தென்காசிப் பக்கத்துக்காரன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையை விட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கிய புதிது. தொழில் தோழர்களே, வீட்டில் கல்யாணம் வைத்திருக்கும் பெரியோர்களே, நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.

முதலில் உறவைக் கேளுங்கள்

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். கொமரலிங்கத்தில் மாப்பிள்ளை வீடு. மாப்பிள்ளை பக்கத்தில் பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக ஒரு பெண் நின்றார். சுற்றிலும் ஏதேதோ சீர் நடந்தது. எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. திடீரென்று மாப்பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்தான். அவர் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளையின் மாமா என் காதோரம் வந்து சொன்னார்: "ரெண்டு பேருக்கும் ரெண்டு வருசமாப் பேச்சு வார்த்தையே இல்லீங்க தம்பி. இத மட்டும் உட்டுராம எடுத்துருங்க."

மிக்ஸிங்கில் கையைக் கட்டுங்கள்

காதலர்கள் சண்டை போட்டுச் சேர்ந்திருக்கிறார்கள் என்று நானாக முடிவு கட்டினேன். மறுநாள் மணவறையில் பெண்ணின் முகம் வேறு மாதிரி இருந்தது. மேக்கப் என்று நினைத்துக்கொண்டேன். படத்தை வெட்டி ஒட்டி ஜிகினா சேர்க்கும் மிக்ஸிங்கில் அந்தச் சிரிப்பைச் சுற்றிச் சிவப்பு இதயம், பறக்கும் ரோஜா, இரண்டு அன்னம் என்று என் கைவரிசை மொத்தத்தையும் காட்டினேன்.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் புதுத் தம்பதியின் வீட்டில் சிடி ஓடியது. இதயம் வந்ததும் மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். அது இணைச்சீராம், மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் செய்கிற சீராம், பக்கத்தில் நின்றது அக்காவாம். புதுப்பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஏனுங்க, இந்தக் கல்யாணத்துல நான் எப்பங்க வருவேன்?"

கேசட்டில் சிக்கனம் வேண்டாம்

இதயத்தை எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று ஸ்டுடியோவுக்கு ஓடினேன். அசல் கேசட்டைப் போட்டால், அவிநாசிபாளையத்தில் ஒரு குழந்தை காது குத்தும்போது அழுதுகொண்டிருக்கிறது. புதுக் கேசட் வாங்கக் காசு பார்த்து அதன் மேலேயே எடுத்திருக்கிறேன்! இனி இதயத்தை எடுக்க வழியில்லை என்று மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். பழைய நிலப் பங்குத் தகராறு மறுபடியும் கிளம்பி, அக்காவோடு பேச்சு நின்றுவிட்டதாம். சொன்னான்: "அப்ப அந்தச் சீரையே மொத்தமா வெட்டிப் போட்டுருங்க."

வெட்டுமுன் இன்னொருவரைக் கேளுங்கள்

வெட்டச் சொன்னது மாப்பிள்ளை, விடாமல் எடுக்கச் சொன்னது மாமா. யார் பேச்சைக் கேட்பது என்று இரண்டு நாள் குழம்பினேன். மூன்றாம் நாள் அந்த அக்காவே வந்து நின்றார். அவர் வாயைத் திறக்குமுன் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். போட்டுக் காட்டச் சொன்னார். இதயம், ரோஜா, அன்னம் எல்லாவற்றோடும் இரண்டு தடவை பார்த்தார். கடைசியில் சொன்னார்: "எனக்கு ஒண்ணு இப்படியே குடுத்துருங்க கண்ணு. எந்தம்பி என்னப் பாத்துச் சிரிச்சது இதுல மட்டுந்தானுங்க இருக்குது."

அன்றிலிருந்து கேமராவைத் திறக்குமுன் யாருக்கு யார் என்ன உறவு என்று எழுதி வாங்கிக்கொள்கிறேன். அந்த உறவு இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதித் தரத்தான் இதுவரை எந்த வீட்டிலும் ஆள் கிடைக்கவில்லை.