தொழுகை வரிசையில் நான் விட்ட இடம்

அஸ்ஸலாமு அலைக்கும். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். எனக்கு வந்தது மார்பகப் புற்றுநோய். தாடி வைத்து, கைலி கட்டி, கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி ஜீப் ஓட்டிய ஷேக் அப்துல்லாவாகிய எனக்குத்தான்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். சொன்னதையெல்லாம் நல்ல தமிழாக்குகிறாள், என் நகைச்சுவைகள் சிலவற்றையும் வெட்டிவிட்டாள். தப்பிப் பிழைத்தவை மட்டும் இதில் இருக்கின்றன.

திராட்சை வெட்டு நடக்கிற நேரத்தில் இடது மார்பில் ஒரு கட்டி தெரிந்தது. சீட் பெல்ட் அழுத்தி வந்தது என்று வீட்டில் சொன்னேன். நான் சீட் பெல்ட் போடுவது போலீஸைக் கண்டால் மட்டும்தான். பிறகு மதுரையில் ஆபரேஷன் நடந்தது. கீமோ என்று சிவப்பு மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, தாடியும் போனது. எனக்கு மோவாய் இல்லை என்பதே அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, ஒரு வருஷத்துக்கு. ஊசி போடும் அறையில் நான் ஒருவன்தான் ஆண். முதல் நாள் நர்ஸ் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டதும் எழுந்து போனேன்.

"பேஷண்ட் எங்க?"

"நாந்தாம்மா."

"கூட வந்தவுகளக் கேக்கல. பேஷண்ட்டக் கேக்குறேன்."

சட்டையைத் திறந்து தழும்பைக் காட்டிய பிறகுதான் நாற்காலி கொடுத்தார்.

பக்கத்து நாற்காலியில் சின்னமனூர் பஞ்சவர்ணம் அக்கா. அவருக்கும் அதே நோய், அதே ஊசி. என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"ஏ பாய் தம்பி, எங்க சீக்கு ஒனக்கு எதுக்கப்பா? ஆம்பளைகளுக்குன்னு ஒரு சீக்குகூடவா இல்லாமப் போச்சு?"

"எல்லாத்துலயும் பொம்பளைகளுக்குப் பங்கு குடுக்கணும்னு சொன்னாகல்லக்கா. பதிலுக்கு இதுல எனக்கு ஒரு பங்கு."

அந்த அறையே சிரித்தது. ஊசி ஏறுகிற நேரமெல்லாம் இப்படித்தான் போகும்.

சில ஊசிகள் போன பிறகு எனக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. நாலு படி ஏறினால் நின்றுவிடுவேன். செருப்பு வார் பாதத்தில் பள்ளமாகப் பதிந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு, நியூட்ரலில் ஆக்சிலேட்டரை மிதித்த மாதிரி இரைந்தது. மல்லாந்து படுத்தால் யாரோ ஏறி மேலே உட்கார்ந்தார்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவருடைய கனம் தெரிந்தது. முகம் மட்டும் தெரியவில்லை.

அக்காவிடம்தான் முதலில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நர்ஸ் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, சேலைக் கரையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். இரண்டு பாதமும் வீங்கிப் பளபளவென்று இருந்தன.

"எனக்கும் இருக்கு. சொல்லிறாத தம்பி. நெஞ்சுல கோளாறுன்னு தெரிஞ்சா ஊசிய நிப்பாட்டிருவாக. ஊசிய நிப்பாட்டுனா கட்டி திரும்பி வந்துரும். இன்னும் கொஞ்சந்தான, பல்லக் கடிச்சுக்கிட்டு ஓட்டிருவோம்."

எனக்கும் அது சரியாகப்பட்டது. அடுத்த ஊசிக்கு நான் போனபோது அவர் நாற்காலி காலியாக இருந்தது. அதற்கடுத்த முறை வேறொரு அம்மா உட்கார்ந்திருந்தார். நர்ஸிடம் கேட்டேன். "அவுக வரல பாய்" என்று சொல்லிவிட்டு, பாட்டிலைச் சரிசெய்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேற்கொண்டு கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அன்றிலிருந்து அக்காவின் குரல் என்னோடு வந்தது. பஸ்ஸில் வந்தது. பல் விளக்கும்போது வந்தது. சொல்லிறாத தம்பி. சொன்னால் ஊசி நிற்கும், கட்டி வந்து கொல்லும். சொல்லாவிட்டால் நெஞ்சு நிற்கும். இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் நான். பிரேக் மட்டும் எங்கே என்று தெரியவில்லை.

உட்கார்ந்தபடியே தூங்கினேன். என் மனைவி ரஹ்மத்து கேட்டாள்.

"ஏங்க, படுக்காம எதுக்கு இப்பிடி உக்காந்துக்கிட்டே தூங்குறீக?"

"ஜீப் ஓட்டுன பழக்கம்."

"அப்ப ஜீப் ஓட்டயில தூங்கிக்கிட்டா ஓட்டுனீக?"

சிரித்து மழுப்பினேன். என் வீட்டில் எனக்கு இருந்த ஒரே திறமை அதுதான்.

வீட்டில் ஏமாற்றலாம், பள்ளிவாசலில் முடியவில்லை. தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தா செய்கிறோம் அல்லவா, அங்கேதான் நான் மாட்டினேன். குனிந்ததும் மூச்சு அடைக்கும். கண்ணுக்குள் கறுப்பாகப் பூக்கும். தொண்டையில் விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். அல்லாஹ்வுக்கு மிக அருகில் இருக்கிற இடம் ஸஜ்தா என்பார்கள். எனக்கு அது மவ்த்துக்கு, அதாவது சாவுக்கு, அருகில் இருக்கிற இடமாகிவிட்டது. என் நெற்றியை அல்லாஹ் ஏற்கவில்லையோ என்று பயந்தேன்.

அந்த விசில் சத்தம் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது. அதனால் கடைசி வரிசையில் தூண் ஓரமாக நின்றேன். பக்கத்தில் இருப்பவரிடமிருந்து ஓர் ஆள் நிற்கிற இடம் விட்டு நின்றேன். தொழுகை நடத்தும் எங்கள் ஹஜ்ரத், தொடங்கும் முன் ஒவ்வொரு முறையும் சொல்வார்: "தோளோட தோள் சேந்து நில்லுங்க. எடம் விட்டா ஷைத்தான் வந்து நிப்பான்." நான் காது கேளாதவன் மாதிரி நிற்பேன்.

ஆனால் அந்த இடத்தில் யாரோ நிற்கத்தான் செய்தார்கள். தொழுகை முடிவில் வலமும் இடமும் திரும்பி ஸலாம் கொடுப்போம். முகத்தை இடது பக்கம் திருப்புவேன். ஆள் இருக்காது. ஆனால் சற்று முன்தான் ஒருவர் எழுந்து போன மாதிரி அங்கே ஒரு சூடு இருக்கும். ஷைத்தானா, என்னை அழைத்துப்போக வந்த மலக்கு என்ற வானவரா, பஞ்சவர்ணம் அக்காவா? அந்தப் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. ஸலாம் கொடுக்கப் பயந்த ஒரே முஸ்லிம் நானாகத்தான் இருப்பேன்.

ஒரு நாள் அஸர், சாயங்காலத் தொழுகை. பள்ளிவாசல் மாடிப்படி ஏறி வந்ததிலேயே பாதி உயிர் போயிருந்தது. ஸஜ்தாவில் நெற்றியை வைத்ததும் தெரிந்துவிட்டது, இன்று எழுந்திருக்க முடியாது. காதில் அந்தக் குரல். சொல்லிறாத தம்பி. நான் மனதுக்குள் கதறினேன்: யா அல்லாஹ், நானாக வாயைத் திறக்க மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நீயே யாரையாவது சொல்ல வை.

எல்லாரும் எழுந்துவிட்டார்கள். நான் மட்டும் ஸஜ்தாவிலேயே கிடந்தேன். பார்த்தவர்கள் இவனுக்குத்தான் என்ன பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

அப்போது இடது பக்கத்திலிருந்து ஒரு கை வந்து என் முதுகில் விழுந்தது.

மலக்கு வந்துவிட்டார் என்று முடிவுசெய்தேன். சாகும் முன் சொல்ல வேண்டிய கலிமாவை மனதுக்குள் சொன்னேன். ஆனால் மலக்கின் கையில் கிரீஸ் வாடை அடித்தது.

காதர் மச்சான்! ரஹ்மத்தின் அண்ணன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பஞ்சர் கடை. எந்தத் தொழுகைக்கும் நேரத்துக்கு வந்ததாக வரலாறு இல்லை. அன்றும் தாமதமாக வந்து, நான் விட்டிருந்த இடத்தில் புகுந்து நின்றிருக்கிறார். அவர் தோள் என் தோளில் பட்டதுகூட எனக்கு உறைக்கவில்லை. என் மூச்சு அவருக்குக் கேட்டிருக்கிறது. தன் தொழுகையை முறித்துக்கொண்டு என்னை அள்ளித் தூக்கித் தூணில் சாய்த்தார்.

"ஏலே மாப்ளே, எத்தன நாளா இது?"

"கொஞ்ச நாளாத்தான் மச்சான். யார்ட்டயும் சொல்லிறாதீக."

"சொல்லாம? காத்துப் போற டியூப் மாதிரி சத்தம் வருது ஒனக்கு. என் தங்கச்சிய நட்டாத்துல விட்டுட்டுப் போலாம்னு பாக்குறியா? வாய மூடிக்கிட்டு இங்கன கிட. நான் சொல்றேன் எல்லார்ட்டயும்."

அவர் சொன்னது உண்மைதான். நான் வீடு போய்ச் சேரும் முன்பே தெருவுக்கே தெரிந்திருந்தது. ரஹ்மத்து வாசலில் நின்றாள். திட்டுவாள் என்று பார்த்தேன். குனிந்து என் பாதத்தை விரலால் அழுத்தினாள். பள்ளம் விழுந்தது, மேலே எழும்பவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இதயும் சிரிச்சே மறச்சீகளா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றே காரில் மதுரை போனோம். எக்கோ எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "ஹார்ட்டோட பம்பிங் குறைஞ்சிருக்கு. சில பேருக்கு இந்த மருந்துகளால இப்படி ஆகும். அதுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் மூச்சு வாங்குதான்னு கேட்டோம். நீங்க என்ன சொன்னீங்க?" என்றார்.

"என் பொண்டாட்டியப் பாத்தா வாங்கும்னு சொன்னேம்மா."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஊசியை நிறுத்தினார். அக்கா சொன்னது நடந்துவிட்டது.

அந்த வாரங்களை நான் எப்படிக் கடந்தேன் என்று தெரியவில்லை. இதயத்துக்கு மாத்திரை, நீர் பிரிய மாத்திரை. கால் வீக்கம் வடிந்தது. ஆனால் குளிக்கும்போதெல்லாம் கை தானாக அக்குளுக்குப் போகும். கட்டி வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று தேடும். டாக்டரம்மாவிடம் கேட்டே விட்டேன். "நிரந்தரமா நிறுத்தல பாய். இதயம் தேறட்டும், மறுபடி போடலாம்" என்றார். இந்த ஒரு வார்த்தையை நான் முன்பே கேட்டிருக்கலாம். அக்காவும் கேட்டிருக்கலாம்.

பள்ளிவாசலில் நாற்காலியில் உட்கார்ந்து தொழுதேன். குனிய முடியாதவன் தலையைத் தாழ்த்தினால் போதும் என்றார் ஹஜ்ரத். நாற்காலியை ஒட்டிக் காதர் மச்சான் நின்றார், அதுவும் நேரத்துக்கு. இது என் துஆவில், அதாவது பிரார்த்தனையில், நான் கேட்காமலே கிடைத்த அற்புதம்.

அடுத்த எக்கோவில் பம்பிங் ஏறியிருந்தது. இதய டாக்டர் பார்த்துக்கொள்ள, ஊசியை மறுபடி தொடங்கினார்கள். மிச்சத்தையும் போட்டு முடித்தேன். கடைசியாக எடுத்த ஸ்கேனில் கட்டி இல்லை. அல்ஹம்துலில்லாஹ். மாத்திரை தொடர்கிறது, எக்கோவும் அவ்வப்போது எடுக்கிறார்கள். ஜீப்பை மகன் ஓட்டுகிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்து சீட் பெல்ட் போட்டுக்கொண்டு அவனுக்குத் தொல்லை கொடுக்கிறேன்.

மறுபடி தரையில் நெற்றி வைத்த நாள் மூச்சு அடைக்கவில்லை. தொழுகைப் பாயின் வாசனையை நான் எத்தனை காலம் கழித்து முகர்ந்தேன்! எழுந்திருக்க மனமில்லை. மச்சான் பயந்துபோய் இடித்தார்.

பஞ்சவர்ணம் அக்கா என்ன ஆனார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சின்னமனூரைத் தாண்டும்போதெல்லாம் பஸ் நிற்கும் இடத்தில் தேடுகிறேன். அந்தக் குரல் முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஒவ்வொரு துஆவிலும் அவர் பெயரைச் சொல்கிறேன். ஒரு நாள் மச்சான் காதில் விழுந்துவிட்டது.

"யாருலே அந்தப் பொம்பள?"

சொன்னேன். அவரும் கையை ஏந்தினார்.

அன்பானவர்களே, அல்லாஹ்விடம் நான் கேட்டது ஒரு வழி. கிடைத்தது மச்சான். உங்களுக்கும் யாரையாவது அனுப்புவான், நம்பிக் கேளுங்கள். ஆனால் அந்த ஆள் வந்து நிற்கும்போது, மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நெஞ்சு படபடக்கிறதா, கால் வீங்குகிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா, டாக்டரிடம் அன்றே சொல்லுங்கள்.

இப்போது ஸலாம் கொடுக்க நான் இடது பக்கம் திரும்பினால் அங்கே ஓர் ஆள் இருக்கிறார். தாடியில் வடைத் துணுக்கு ஒட்டியிருக்கிறது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்: உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும்.