யோகம் அக்காவும் முகமூடிக்காரர்களும்

செங்கலடிச் சந்தியில் பஸ்ஸுக்காக நின்றபோது செய்தி வந்தது. அழைத்தவள் யோகம் அக்காவின் பெறாமகள் சுதா. "மாமா, பெரியம்மா போயிட்டா. பாத்துக்கொண்டிருந்த படம் இன்னும் ஓடிக்கொண்டிரிக்கி. நிப்பாட்ட மனம் வரல்ல" என்றாள். என்ன படம் என்று கேட்டேன். வேறொருவரின் மரணம் என்றால் அப்படிக் கேட்டிருக்க மாட்டேன். "அந்தப் பறக்கிறவங்கட படம்தான்" என்றாள். என் பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. சந்தியின் சத்தம் எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. நான் அடுத்த பஸ்ஸில்தான் ஏறினேன்.

எங்கள் பத்திரிகையில் அவர் நெடுங்காலம் உதவி ஆசிரியராக இருந்தார். ஆனால் உங்களில் பலர் அவரை அறிந்தது சனிக்கிழமைச் சினிமாப் பத்தியால்தான். எல்லாப் படங்களையும் பற்றி எழுதினார். சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றி எழுதும்போது மட்டும் எழுத்தில் ஒரு துள்ளல் இருக்கும். அதனால் எழுதுபவர் ஓர் இளைஞர் என்றே வாசகர்கள் நினைத்திருந்தார்கள். ஒருமுறை காத்தான்குடியிலிருந்து ஒருவர் தொலைபேசியில், "யோகம் தம்பி நிக்கிறாரா?" என்று கேட்டார். "தம்பி இப்பதான் வெளிய போனார். ஏதும் சொல்லணுமா?" என்றார் அக்கா. அவர் சொன்ன பாராட்டையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வந்ததும் சொல்லிர்றன்" என்று வைத்தார்.

அவரோடு பகல் காட்சிக்குப் போவது என்பது வேலைநேரத்தில் கனவு காண்பது போன்றது. நானும் ஏறாவூர் நிருபர் நிசாரும் சேர்ந்துகொள்வோம். இருட்டில் நகரங்கள் இடிந்து விழும். ஆட்கள் வானத்தில் நீந்துவார்கள். வெளியே வந்தால் வெயில் வெள்ளைத் திரையாகத் தொங்கும். வாவி அசையாமல் கிடக்கும். கரையில் வலை உதறுகிறவர்கள்கூட இன்னும் ஏதோ காட்சிக்குள் இருப்பவர்கள் போலத் தெரிவார்கள். அப்படியே நடந்து பாலத்துக்கு வந்த பிறகுதான் யாராவது பேசத் தொடங்குவோம்.

ஒரு படத்தில், தன் மகளை இழந்த ஒருவன் ஒரு நகரத்தையே கடலுக்குள் இறக்கப் பார்க்கிறான். மகள் எப்படி இறந்தாள் என்பதைப் பாதிப் படம் வரை விரித்திருந்தார்கள். பாலத்தில் நிசார் சொன்னார்: "வில்லனுக்கு எப்பிடி ஒரு கதை வெச்சிரிக்காங்க பாத்தீங்களா யோகக்கா? எனக்குக் கண் கலங்கிப் போச்சி."

"கதை நல்லாத்தான் இரிக்கி. புள்ள செத்துப் போச்சி, அதால ஊர அழிக்கப் போறான். மறுகா? இந்தக் கரையில ஆரிட்ட அந்தக் கதை இல்ல? நாம எத்தின ஊர அழிச்சம்?"

மறுகா என்றால் எங்கள் பக்கத்தில் 'பிறகு' என்று பொருள். அக்காவின் வாயில் அது ஒரு முழு விமர்சனம்.

நிசார் விடவில்லை. "அப்ப அவன் ஏன் செய்யிறான் எண்டு தெரிய வேணாமா?"

"அவன் என்ன சாப்பிடுறான் எண்டு காட்டட்டும், அவ்வளவு காணும். ஏன் எண்டு சொல்லத் தொடங்கினா அவன் வக்கீலாகிருவான், நாம நீதவானாகிருவம். படம் எங்க?"

அவருக்குப் பிடித்த ஒரு வில்லன் இருந்தான். துறைமுகத்தை உறைய வைக்கப் போகிறவன், அதற்கு முன் சப்பாத்தைக் கழற்றி, உள்ளே கிடந்த சிறு கல்லைத் தட்டிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்வான். அவனுடைய தாய் யார், தகப்பன் யார் என்று படம் சொல்லவே இல்லை. 'அந்தக் கல் போதும். அவன் ஆளாகிவிட்டான்' என்று அக்கா எழுதினார்.

இந்த வாதம் மாதக்கணக்காக ஓடியது. பத்திரிகைக் கந்தோரில் தேநீர் வரும் நேரமெல்லாம் இதுதான். ஒருநாள் நிசார் சிரிக்காமல் சொன்னார்: "வட்டைக்குப் போன எங்கட வாப்பா திரும்பி வரல்ல. செஞ்சவன் ஆரெண்டு இண்டைக்கும் தெரியா. ஆளும் கதையும் தெரிஞ்சா அவன் ஒரு ஆள்தான் அக்கா. தெரியாட்டி, வயலுக்குப் போற வழியில காணுற ஆக்கள் எல்லாம் அவன்தான்."

அக்கா தன் தேநீரை அப்படியே வைத்துவிட்டுப் பக்கங்களைத் திருத்தப் போனார். 

சில நாட்கள் கழித்து, பக்கங்களை அச்சுக்கு அனுப்பிவிட்டு நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது தன் தம்பி ரவியைப் பற்றிச் சொன்னார். தலையாட்டி என்ற சொல்லை என் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, இளையவர்களுக்காகச் சொல்கிறேன். சுற்றிவளைப்பு நாட்களில் படையினர் ஊர் ஆண்களை ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். தலையில் சாக்குப் போட்ட ஒருவர் இருத்தப்பட்டிருப்பார். ஒவ்வொருவராக அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். சாக்கு ஆடினால், இயக்கத்து ஆள் என்று அவரை ஏற்றிக்கொண்டு போவார்கள். ரவி போய் நின்றபோது சாக்கு ஆடியது. வேலிக்கு வெளியே பெண்களோடு நின்று அக்கா அதைப் பார்த்தார். ரவி திரும்பி வரவில்லை.

"கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. அவ்வளவுதான் தம்பி அவன்ட பாத்திரப் படைப்பு" என்றார். "அண்டையில இருந்து ஆம்பிளையள்ட கண்ணத்தான் பாக்கிறன். பேங்கில, கோயில்ல, மீன் வாங்கிற இடத்தில. இவனா இருக்குமோ, அவனா இருக்குமோ எண்டு. இந்தப் படங்கள்ள கடைசியில முகமூடியக் கழட்டிருவாங்கதானே. அதுக்காகத்தான் போறன்."

கடந்த ஆண்டு கல்குடாவிலிருந்து ஒரு பெண் கந்தோருக்கு அழைத்து, சினிமாப் பத்தி எழுதுகிறவரிடம் பேச வேண்டும் என்றாள். தன் தகப்பனுக்கு நோய் முற்றிவிட்டது, பத்தியில் பெயரைக் கண்டு அவர் ரவியின் அக்காவைப் பார்க்க ஆசைப்படுகிறார், அன்று சாக்குக்குள் இருந்தவர் அவர்தான் என்றாள்.

அக்கா உடனே போகவில்லை. அந்த வாரங்களில் அவர் திருத்திய பக்கங்களில், அதுவரை இல்லாத வகையில், பிழைகள் வந்தன. கேட்டபோது, "அவர்ட கதையக் கேட்டா எனக்கு இரக்கம் வந்திரும். எல்லாரும் அவருக்கு இரங்கினா, ரவிக்கு ஆரு இரிக்கிற?" என்றார். பிறகு ஒருநாள் காலையில் குடையோடு என் மேசைக்கு வந்தார். "எழும்பு. அவர் நீட்டி முழக்கினா நீ வெட்டணும். நம்மட செய்திய வெட்டுற மாதிரி."

கல்குடாவில் அந்த வீட்டு முற்றத்திலிருந்து கடல் தெரிந்தது. வெளிச்சம் எல்லாவற்றின் விளிம்பையும் கரைத்திருந்தது. பிளாஸ்டிக் கதிரையில் இருந்த மெலிந்த மனிதரை நான் முதலில் அங்கே காயப்போட்டிருந்த துணி என்றே நினைத்தேன். மகள் தேநீர் தந்துவிட்டு உள்ளே போனாள். அவர் தொடங்கினார்: "தங்கச்சி, என்ன அவங்க புடிச்சி வெச்சி, என்ட அண்ணனயும்…"

அக்கா கையை உயர்த்தினார். "அது இப்ப வேணாம். ரவி உங்களுக்கு முன்னால வந்து நிக்கக்குள்ள என்ன செஞ்சவன்? அதச் சொல்லுங்க."

அவர் குனிந்து தன் கால்விரலைப் பார்த்தார்.

"சாக்கு முழங்கால் வரைதான். அவன் என்ட காலப் பாத்தான். பந்தடிச்சி நகம் போன விரல். ஒண்டா விளையாடின ஆக்கள்தானே, கண்டு புடிச்சிட்டான். சரியான வெக்கை அண்டைக்கு. உதடு அசையாம மெல்லமாக் கேட்டான், 'மச்சான், தண்ணி கிண்ணி தந்தவங்களா?' எண்டு."

"மறுகா?" என்றார் அக்கா.

"நான் ஓம் எண்டு தலைய ஆட்டினன்."

பக்கத்தில் நின்ற படையினர் காத்திருந்தது ஒரு தலையாட்டலுக்கு. அது எந்தக் கேள்விக்கான பதில் என்று அவர்கள் கேட்கவில்லை. அவர் அதோடு முடித்துக்கொண்டார்; நான் வெட்ட வேண்டி வரவில்லை. அக்கா தேநீரைக் குடித்து முடித்தார். புறப்படும்போது, "மருந்த விடாமக் குடிங்க" என்றார்.

பஸ்ஸில் நிருபரின் கேள்வியைத்தான் கேட்டேன்: "நம்புறீங்களா அக்கா?"

"அவர் ஆட்டினது எதுக்கெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? உயிரோட இரிக்கிறவர் தனக்கு ஏத்தாப்போலத்தான் சொல்லுவார். ஆனா தண்ணி தந்தவங்களா எண்டு கேட்டது ரவிதான். அத அவரால கட்டிச் சொல்லேலா. அவன் பேயோட சண்டைக்குப் போனாலும் சாப்பிட்டியா எண்டுதான் முதல் கேப்பான்."

"அப்ப மன்னிச்சிட்டீங்களா?"

"அது வேற படம்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை வந்த பத்தியை நீங்கள் வாசித்திருப்பீர்கள். ஏதோ புதிய படத்தைப் பற்றியது. 'வில்லனின் கதை எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவனுக்கு எதிரில் நின்றவனின் முகம் தெரியும்வரை. அதற்குமேல் ஒரு வரியும் வேண்டாம்' என்று முடித்திருந்தார். நிசார் அதை வெட்டித் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். அது தன் வெற்றி என்கிறார். அக்கா அதை ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த வரிகள் எல்லோருக்கும் உரியவை. நான் எனக்கென்று வைத்திருப்பது கல்குடாவிலிருந்து திரும்பிய பயணத்தை. கிரான் தாண்டியதும் அக்காவின் பேச்சு குறைந்தது. வந்தாறுமூலையில் மாணவர்கள் ஏறி, பஸ் நிறைந்தது. எங்களைச் சுற்றி ஆண்கள் நெருக்கி நின்றார்கள்: வேலை முடிந்தவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள், அக்காவின் வயதை ஒத்த சிலர். ஒருவருடைய கை அவருடைய இருக்கைக் கம்பியைப் பிடித்திருந்தது. அக்கா நிமிர்ந்து எவருடைய கண்ணையும் பார்க்கவில்லை. யன்னலில் தலையைச் சாய்த்து, வாய் சற்றே திறந்திருக்க, அந்த அந்நியர்கள் நடுவில் உறங்கிக்கொண்டிருந்தார். ஏறாவூரில் கொண்டக்டர் பெரிய குரலில் ஊர்ப்பெயரைச் சொல்லியும் அவர் விழிக்கவில்லை.