பக்கத்து வீட்டுக்காரன் வேடம்

பையைத் தோளில் போட்டுக்கொண்டு, சுவிஸில் நாங்கள் இருக்கும் ஊஸ்டரின் ரயில் ஸ்டேஷனை நோக்கி நடக்கிறேன். போன ஞாயிறு, பின்னேரம். கோபம் நிறைய இருந்தது. போக இடம்தான் இல்லை.

எல்லாம் அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களால் வந்த வினை!

தவம் அண்ணையின் அறையில் சில மாதங்களாக ஒட்டிக்கொண்டிருந்தேன். அவருக்கு ஒரு ரெஸ்டாரண்ட் கிச்சினில் வேலை. எனக்கு வேலை செய்ய அனுமதி வந்துவிட்டது, வேலைதான் வரவில்லை. அறையில் நாலு பேர், ஒரு டீவி. அதில் அமெரிக்கர்கள் ஜெர்மன் பேசுவார்கள். எங்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம்.

கவனித்திருக்கிறீர்களா? தொடர் மாறும், சோபாவின் நிறம் மாறும் — ஆட்கள் மாறுவதில்லை. சத்தம் போடும் புருஷன். அவனைவிட விவரமான பெண்சாதி. முதலாளியையே நக்கலடிக்கும் வேலைக்காரி. தட்டாமல் நுழைந்து ஃப்ரிட்ஜைத் திறக்கும் பக்கத்து வீட்டுக்காரன்...

அன்று புதுத் தொடர் ஒன்று தொடங்கியது. தவம் அண்ணை கொதித்தார்.

"இவன் செவ்வாய்க்கிழமை நாடகத்தில வாறவன் எல்லோ? அந்தத் தங்கமான மனுசியை விட்டிட்டு இன்னொருத்தியைக் கட்டிட்டான்! மீசையை வழிச்சால் எனக்குத் தெரியாதோ?"

"அண்ணை, அது வேற ஆள். ரெண்டு பேருக்கும் ஜெர்மனில குரல் குடுக்கிறவன்தான் ஒரே ஆள்."

மற்ற இருவரும் சிரித்துவிட்டார்கள். அண்ணையின் முகம் கறுத்தது.

"ஓம், நீர் பெரிய ஆராய்ச்சிக்காரர். இந்த அறையில நீர் ஆர் தெரியுமோ? அந்தப் பக்கத்து வீட்டுக்காரன். வேலை வெட்டி இல்லை, ஃப்ரிட்ஜை மட்டும் தெரியும்."

இப்போது இன்னும் பலமாகச் சிரித்தார்கள். பையை எடுத்தேன்.

ஸ்டேஷனுக்குக் கிட்ட, பின்னால் சைக்கிள் மணி. அண்ணைதான். வீட்டுச் செருப்போடு வந்திருந்தார்.

"எங்கையடா போறாய்?"

"அடுத்த வீட்டுக்கு. அங்கையும் ஃப்ரிட்ஜ் இருக்கும்தானே."

சிரிப்பை அடக்கிக்கொண்டார். "விசரா, எந்த நாடகத்திலயாவது அவனை வீட்டை விட்டுக் கலைச்சிருக்கினமோ?"

"எந்த நாடகத்திலயாவது அவன் வேலைக்குப் போயிருக்கிறானோ?"

யோசித்தார். "எங்கட கிச்சினில சட்டி கழுவிறவன் நேற்றோட நிண்டிட்டான். நாளைக்கு வா, செஃப்பிட்டைக் கேப்பம். இப்ப ஏறு."

ஏறினேன். அவர் சொன்னதும் சரிதானே? புருஷன் இல்லாமல்கூட ஒரு தொடர் ஓடும். பக்கத்து வீட்டுக்காரன் இல்லாமல் ஓடாது. அந்த வீட்டுக்காரர்கள் ஒற்றுமையாக இருப்பதே அவனைத் திட்டும்போது மட்டும்தான்!

மறுநாள் காலை செஃப் என்னை மேலும் கீழும் பார்த்தார். தவம் அண்ணை முந்திக்கொண்டு தன் டீவி ஜெர்மனில் சொன்னார்: "இவன் என்ட சொந்தத் தம்பி."

செஃப் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். முகச்சாடையில் ஒற்றுமை துளியும் இல்லை. ஆனாலும் ஏப்ரனை நீட்டினார்.

தம்பி வேடத்துக்குச் சட்டி கழுவத் தெரிந்தால் போதுமாம்.